கார் ஷெட்டில் இ-ஸ்கூட்டர் சார்ஜ் போடுறீங்களா? பழைய வயரிங் தாங்குமா? முழு விவரம்

ஒரு பல்பு, ஒரு பிளக் பாயின்ட். நம்ம ஊரில் பல வீடுகளின் கார் ஷெட்டுக்குப் போகும் கரண்ட் இவ்வளவுதான். இப்போது அதே பாயின்ட்டில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜ் ஆகிறது. சில வீடுகளில் காரும் சார்ஜ் ஆகிறது. பிளக் பொருந்துவது வேறு, சுவருக்குள் இருக்கும் வயர் தாங்குவது வேறு. ஷெட் வயரிங்கை மாற்றும் முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? பார்க்கலாம்.

எவ்வளவு லோடு வரும்?

காரோடு வரும் சாதாரண சார்ஜர் 15 ஆம்ப்ஸ் வரை இழுக்கும். 230 வோல்ட்டில் இது சுமார் 3,450 வாட். சுவரில் மாட்டும் 32 ஆம்ப்ஸ் சார்ஜர் என்றால் 7,000 வாட்டைத் தாண்டும். ஸ்கூட்டர் சார்ஜருக்கு இதைவிடக் குறைவாகவே தேவைப்படும்.

மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் கொஞ்ச நேரம்தான் ஓடும். வண்டி சார்ஜ் ஆவது மணிக்கணக்கில். வயர் ஆற நேரமே கிடைக்காது. பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வயர் சைஸ் ஏன் முக்கியம்?

லைட்டுக்குப் போடுவது பொதுவாக 1.5 சதுர மி.மீ. காப்பர் வயர். மெயினிலிருந்து ஷெட் 20 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வயரில் தொடர்ந்து 15 ஆம்ப்ஸ் போனால், 100 வாட்டுக்கு மேல் வயரிலேயே சூடாக வீணாகும். 4 சதுர மி.மீ. வயர் போட்டால் அதில் பாதிகூட வராது.

15 ஆம்ப்ஸ் பாயின்ட்டுக்குக் குறைந்தது 2.5 சதுர மி.மீ. தேவை. தூரம் அதிகம் என்றால் 4 நல்லது. 32 ஆம்ப்ஸ் சார்ஜருக்கு 6 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது. எதுவானாலும் மெயின் போர்டிலிருந்து தனி லைனாக வர வேண்டும். பக்கத்து ரூம் பிளக்கிலிருந்து இழுக்கக் கூடாது.

அடிக்கடி டிரிப் ஆனால் பெரிய எம்.சி.பி. போடலாமா?

கூடவே கூடாது. எம்.சி.பி.யின் வேலை வயரைக் காப்பாற்றுவது. வயரை மாற்றாமல் 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி.யை எடுத்துவிட்டு 32 போட்டால் டிரிப் ஆவது நிற்கும், வயர் சூடாவது நிற்காது. தீப்பிடிக்க அது போதும்.

எம்.சி.பி. இருந்தால் ஷாக் அடிக்காதா?

பலருக்கும் இருக்கும் தவறான நம்பிக்கை இது. உயிரைப் பறிக்க 1 ஆம்ப்ஸில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். அவ்வளவு சின்ன அளவுக்கு 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி. அசையாது. ஷாக்கிலிருந்து காப்பாற்ற 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. வேண்டும். வண்டி சார்ஜிங்குக்கு 'ஏ டைப்' என்று கேட்டு வாங்குங்கள். ஆர்.சி.சி.பி. ஓவர்லோடைத் தடுக்காது. அதனால் இரண்டுமே இருக்க வேண்டும்.

ஷெட்டில் ஈரத்தரை, மழைச்சாரல், இரும்பு ஷட்டர் எல்லாம் இருக்கும். எனவே எர்த் கட்டாயம். பச்சை வயர் பிளக்கிலிருந்து எர்த் குழி வரை அறுபடாமல் போக வேண்டும். எர்த் இல்லை என்று நியூட்ரலில் இணைப்பது பேராபத்து. நியூட்ரல் எங்காவது கழன்றால் வண்டியின் பாடியிலேயே கரண்ட் பாயலாம்.

ஷெட் தனியாக இருந்தால்?

மரக்கிளையிலும் காம்பவுண்டு சுவரிலும் வயரைத் தொங்க விடாதீர்கள். ஆர்மர்டு கேபிளைச் சுமார் இரண்டரை அடி ஆழத்தில் புதைக்கலாம். மேலே செங்கல் அடுக்கினால் பின்னாளில் மண்வெட்டி பட்டாலும் கேபிள் தப்பும். ஷெட்டுக்குள்ளேயே ஒரு மெயின் சுவிட்ச் இருப்பது நல்லது.

ஈ.பி. ஆபீஸில் சொல்ல வேண்டுமா?

வீட்டு இணைப்பிலேயே வண்டியை சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் மொத்த லோடு, உங்கள் இணைப்புக்கு அனுமதித்த அளவைத் தாண்டினால் கூடுதல் லோடுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெரிய சார்ஜர் என்றால் த்ரீ ஃபேஸ் தேவையா என்பதையும் பிரிவு அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவை

* உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடமே வேலையைக் கொடுங்கள்.
* மெயினை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் ஆஃப் செய்யுங்கள். மெயின் ஆஃப் ஆனதுமே இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் வந்துவிடும்.
* ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள வயரா என்று பாருங்கள்.
* முதல் முறை சார்ஜ் போட்டு அரை மணி நேரம் கழித்து சார்ஜரை ஆஃப் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பின் சுடுகிறதா, கருகின வாடை வருகிறதா? அந்தப் பாயின்ட்டை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.
* ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்ற பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். டிரிப் ஆகவில்லை என்றால் உடனே மாற்றுங்கள்.