நடுவழி ஸ்டேஷனின் பங்கு

ரேணிகுண்டா ஜங்ஷனின் முன்பதிவு கவுன்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். 1862இல் அரக்கோணத்திலிருந்து தண்டவாளம் வந்து சேர்ந்த ஊர் இது. சென்னை, கூடூர், திருப்பதி, குண்டக்கல் என்று நாலு பக்கமும் பாதை பிரிகிறது. ஆனால் நெடுந்தூர வண்டிகளில் பெரும்பாலானவை நடுவழியில்தான் இங்கே நின்று போகின்றன.

கணினி வருவதற்கு முன்னால் வண்டிக்கும் தேதிக்கும் தனித்தனித் தாள். அதில் பெயர் எழுதிக்கொண்டு, அட்டை டிக்கெட்டின் பின்புறம் பெட்டி எண்ணும் பெர்த் எண்ணும் குறித்துக் கொடுப்போம். எங்கள் ஸ்டேஷனுக்கு ஒதுக்கிய பெர்த்துகளின் பங்கு தீர்ந்துவிட்டால் வண்டி புறப்படும் ஊருக்குத் தந்தி போகும். பதில் வரும்வரை பயணி காத்துக் கிடக்க வேண்டும்.

1985இல் சி.எம்.சி. நிறுவனம் எழுதிய ‘இம்ப்ரெஸ்’ முன்பதிவு மென்பொருள் டெல்லியில் ஓடத் தொடங்கியது. பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத்துக்கும் வந்தது. ஐந்தும் தனித்தனியாக ஓடின. ரயில்வேயின் ‘கிரிஸ்’ அமைப்பு எழுதிய ‘கான்சர்ட்’ 1994இல் செகந்திராபாத்தில் தொடங்கி, 1999இல் ஐந்து மையங்களையும் ஒன்றாக இணைத்தது.

இப்படிப் பொதுவான அடித்தளம் ஒன்று, அதன்மேல் தேவைக்கேற்ற வசதிகள்: இதை மென்பொருள்காரர்கள் ‘புராடக்ட் லைன்’ என்கிறார்கள். எது கட்டாயம், எது விருப்பம், எந்த இரண்டில் ஒன்று என்று வரைந்து பார்க்கும் முறையை 1990இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கியோ காங் குழுவினர் வகுத்தார்கள். ஆனால் யாருக்காக எந்த வசதி என்ற வழக்கு எங்கள் கவுன்டரில் தினமும் நடந்தது.

ரேணிகுண்டாவுக்கென்று ஒரு பெர்த்தை ஒதுக்கினால், சென்னையிலிருந்து சுமார் 135 கிலோமீட்டர் அது காலியாக வரக்கூடும்; ரயில்வேக்கு நஷ்டம். ஒதுக்காவிட்டால் புறப்படும் ஊரிலேயே எல்லாம் விற்றுத் தீர்ந்துவிடும்; எங்கள் ஊர்க்காரருக்கு இடமில்லை. இந்த இழுபறிக்கு நடுவில்தான் பொதுக் கோட்டா, பெண்கள் கோட்டா, நடுவழி ஊர்களுக்கான தனிக் கோட்டா, ஆர்.ஏ.சி., 1997இல் வந்த தத்கால் எல்லாம் அடுக்கடுக்காக உட்கார்ந்தன.

“சார், சென்னையிலிருந்து எடுத்தா சீட் இருக்கு, இங்கிருந்து எடுத்தா வெயிட்டிங்னு வருதே?” என்று கேட்காத பயணி குறைவு. நடுவழிக் கோட்டாவில் பெர்த்துகள் கொஞ்சம். அதில் யாராவது ரத்து செய்தால்தான் அந்தக் காத்திருப்புப் பட்டியல் நகரும். அப்போது கைகொடுத்தது ஏறும் இடத்தை மாற்றிக் குறிக்கும் வசதி. சென்னையிலிருந்து கட்டணம் கட்டி, ரேணிகுண்டாவில் ஏறலாம். கூடுதல் காசுதான், ஆனால் பெர்த் உறுதி. திரையில் ஒரே ஒரு கட்டம். இந்தப் பக்கத்து மக்களுக்கு அது பெரிய உபகாரம்.

திருப்பதிப் பக்கக் கல்லூரிகளிலிருந்து மென்பொருள் எழுதப் போகும் பிள்ளைகளே, வசதிகளின் பட்டியலில் ஒன்றை வெட்டுவதற்கு முன் அதை நம்பி நிற்பவர் யார் என்று விசாரியுங்கள். தலைமை அலுவலகத்தில் கேட்பதோடு நிறுத்தாமல், நடுவழி ஸ்டேஷனின் கவுன்டருக்கும் ஒருமுறை வாருங்கள்.