மகிந்திரா ஜீப்

மகிந்திரா ஜீப் என்பது அமெரிக்காவின் வில்லிசு ஜீப்பை அடிப்படையாகக் கொண்டு, இந்தியாவின் மகிந்திரா நிறுவனம் உருவாக்கிய நாற்சக்கர இயக்க ஊர்தி ஆகும். 'ஜீப்' என்பது பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயர். எனினும் தமிழகச் சிற்றூர்களில் இவ்வகை ஊர்திகள் அனைத்தும் 'ஜீப்பு' என்றே அழைக்கப்படுகின்றன.

வரலாறு

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லிசு, ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் 6 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் தயாரித்தன. போருக்குப் பின் இதன் குடிசார் வடிவங்கள் வெளிவந்தன. 1945இல் தொடங்கப்பட்ட மகிந்திரா நிறுவனம், 1949இல் பம்பாயின் மசகான் பகுதியில், இறக்குமதியான பாகங்களைக் கொண்டு ஜீப்புகளைப் பொருத்தத் தொடங்கியது. பின்னர் சிஜே-3பி வகை இங்கேயே தயாரிக்கப்பட்டது. இதன் பொறி உயரமானது என்பதால் முன்மூடியும் உயர்த்தி அமைக்கப்பட்டது. இவ்வகையை அடையாளம் காண இது உதவும். 1980களில் பெசோ வடிவமைப்பிலான டீசல் பொறி பொருத்தப்பட்ட வகைகள் பரவலாயின.

இயங்கும் முறை

சாதாரண சாலையில் பொறியின் ஆற்றல் பின்சக்கரங்களுக்கு மட்டும் செல்லும். சேற்றிலும் மணலிலும் ஓட்டுநர் ஒரு தனி நெம்புகோலை நகர்த்தினால் முன்சக்கரங்களும் இயங்கும். மற்றொரு நிலையில் பல்லிணை விகிதம் மாறி, வேகம் குறைந்து முறுக்குவிசை கூடும். செங்குத்தான இறக்கத்தில் இதே தாழ்நிலையில் பொறியே ஊர்தியின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதால், தடைக்கருவியின் சுமை குறைகிறது. ஏணி வடிவச் சட்டமும் வில்பட்டைகளும் எளியவை; சிற்றூர்ப் பட்டறைகளிலும் பழுது நீக்கத்தக்கவை. இந்த எளிமைக்கு விலையும் உண்டு: குலுக்கல் மிகுதி, திறந்த பக்கங்கள் விபத்தில் பாதுகாப்புத் தரா.

பயன்பாடு

1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தில் வட்டார அலுவலர்கள் ஊர்களுக்குச் செல்ல ஜீப்புகள் பயன்பட்டன. காவல்துறை, வனத்துறை, தேர்தல் பணி ஆகியவற்றிலும் இவை நெடுங்காலம் உழைத்தன. பெரியம்மை ஒழிப்பில் நோயாளிகளைத் தேடிய குழுக்கள் ஜீப்புகளில் பயணித்தன. இந்தியாவில் அந்நோயின் கடைசி நிகழ்வு 1975 மே மாதம் பதிவானது. மருந்து இருந்தும் அதை உரிய நேரத்தில் ஊருக்குக் கொண்டு சேர்க்க இயலாவிடின் பயனில்லை என்பதே இவ்வகை ஊர்தியின் இன்றியமையாமையைக் காட்டுகிறது.

தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் 7,000 அடிக்கு மேல் அமைந்துள்ளது. தமிழ்நாட்டில் இருந்தாலும், ஊர்தியில் அங்கு செல்லக் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகவே போக வேண்டும். கற்கள் நிறைந்த அப்பாதையில் இன்றும் ஜீப்புகளே ஓடுகின்றன.

வழித்தோன்றல்கள்

2010இல் தார் அறிமுகமானது. 2018இல் அமெரிக்காவில் வெளியான ராக்சர், ஜீப்பின் தோற்றத்தை ஒத்திருப்பதாக வழக்கு எழுந்தது. 2020இல் அதன் முந்தைய வடிவத்தின் விற்பனைக்கு அங்குத் தடை விதிக்கப்பட்டது. உரிமம் பெற்று இந்தியாவுக்கு வந்த வடிவம், பிறந்த நாட்டுக்குத் திரும்பியபோது வழக்கைச் சந்தித்தது.

இவற்றையும் பார்க்க

நாற்சக்கர இயக்கம்
கொழுக்குமலை
பெரியம்மை