பண்டாவும் கோனாவும்: லாவாமீது முளைத்த பவளம்

இந்தோனேசியாவின் ஜாதிக்காய்த் தீவுகளான பண்டாவில், 1988 மே மாதம் குனுங் அபி எரிமலை வெடித்தது. கடலில் இறங்கிய லாவா அங்கிருந்த பவளத்திட்டைப் புதைத்துவிட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்து அலை ஒதுங்கிய பகுதியில் அதே லாவாவின்மேல் வளர்ந்த பவளத்தை ஆய்வாளர்கள் அளந்தார்கள். 60 விழுக்காட்டுக்கு மேல் உயிர்ப்பவளம், 124 இனங்கள். மேசைப் பவளங்கள் சில 90 சென்டிமீட்டருக்கு மேல் அகன்று விரிந்திருந்தன.

ஹவாயின் பெரிய தீவிலும் லாவா கடலில் விழுந்திருக்கிறது. அங்கே கணக்கே வேறு. பழைய லாவா ஓட்டங்களை ஒப்பிட்டு கிரிக், மராகோஸ் இருவரும் 1974இல் எழுதிய ஆய்வின்படி, அலை மோதும் கரையில் திட்டு மீள ஏறக்குறைய 20 ஆண்டுகள். அமைதியான கரையில் 50க்கும் மேல். தலைகீழாகத் தோன்றினாலும் காரணம் உண்டு. அலையடிக்கும் இடத்தில் திட்டு அடிக்கடி உடைந்து இளமையாகவே இருக்கிறது. பழைய நிலையை எட்ட அதற்கு அதிக காலம் வேண்டாம்.

இந்த வேக வேறுபாட்டுக்குப் பாறைமீது பழிபோட முடியாது. பண்டா, பவள முக்கோணம் எனப்படும் பவளம் செறிந்த கடற்பகுதிக்குள் இருப்பதால், சுற்றியுள்ள திட்டுகளிலிருந்து பவள லார்வாக்கள் நீரோட்டத்தோடு வந்துகொண்டே இருக்கின்றன. ஹவாயோ கலிபோர்னியாவிலிருந்தே சுமார் 3,800 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. பண்டாவில் விரைந்து படர்ந்த அக்ரோபோரா பேரினம் ஹவாயின் பெரிய தீவுகளில் இல்லையென்றே சொல்லலாம். மெல்ல வளரும் போரைட்டிஸ்தான் அங்கே பெரும்பகுதி.

ஆனால் எரிமலையைப் பார்க்கவென்றே ஸ்கூபா செய்பவருக்கு நான் ஹவாயின் பெரிய தீவின் மேற்குக் கரையான கோனாவைத்தான் சொல்வேன். பண்டாவில் பவளம் லாவாவை மறைத்துவிட்டது. கோனாவிலோ கரும்பாறை வளைவுகளும் லாவாக் குகைகளும் வெளிப்படையாகத் தெரிகின்றன. அவற்றின் மேல் மஞ்சள் டாங் மீன்கள் கூட்டமாக மேய்கின்றன. அங்குள்ள திட்டு மீன் இனங்களில் ஏறக்குறைய கால்பங்கு ஹவாயைத் தவிர வேறெங்கும் கிடையாது. தனிமை பவள லார்வாக்களை எடுத்துக்கொண்டது, இந்த மீன்களைக் கொடுத்தது. இரவில் விளக்கைச் சுற்றித் திரளும் மிதவை உயிரிகளைத் தின்ன மாண்டா திருக்கைகள் வந்து குட்டிக்கரணம் அடிக்கும். விமான நிலையமே 1801 லாவா ஓட்டத்தின்மேல் கட்டப்பட்டது என்பதால், எரிமலைமீதுதான் இறங்குகிறோம்! பண்டாவின் பெருமை சிறியது, வண்ணமயமானது. அந்தி சாயும்போது துறைமுக இடிபாடுகளுக்குள்ளிருந்து இணைசேர வெளிவரும் மாண்டரின் மீன் விரல் நீளம்கூட இருக்காது.

2018இல் ஹவாயின் பெரிய தீவிலுள்ள கிலாவேயா எரிமலையின் லாவா கபோஹோ விரிகுடாவை நிரப்பி, அங்கிருந்த பவளக் குளங்களையும் மூடியது. அலை ஓயாத அந்தப் புதுக்கரையில் பண்டாவின் வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். கிரிக், மராகோஸ் கணக்கு சரியென்றால் 2038 வாக்கில் போய்ப் பார்க்கலாம்.