நோய் ஆதரவு சிகிச்சை: திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும்

முற்றிய புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம், முதுமை மறதி போன்றவற்றால் வாடுவோரின் வலியையும் உபாதைகளையும் தணித்து, அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கும் துணைநிற்பது நோய் ஆதரவு சிகிச்சை. மற்ற சிகிச்சைகள் நடக்கும்போதே இதைத் தொடங்கலாம். மருத்துவர்கள் கைவிரித்த பிறகுதான் இது என்று எண்ணிக் காத்திருப்பதால் பலர் வீணாக வலியில் கிடக்கிறார்கள்.

1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் நிறுவிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம் இத்துறைக்கு முன்னோடி. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய அமைப்பு இதை வீட்டுவாசலுக்குக் கொண்டுசென்றது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், செவிலியர் வீடு தேடி வந்து புண்ணுக்குக் கட்டுப்போடுவதும், இயன்முறை சிகிச்சையாளர் வந்து சிகிச்சை அளிப்பதும் அடங்கும்.

திருச்சிராப்பள்ளியில் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குச் சுற்று மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள திருவரங்கத்தின் தேவை சற்று வேறு. கடைசிக் காலத்தை அரங்கன் சந்நிதிக்கு அருகில் கழிக்க விரும்பும் முதியோர் இங்கு உண்டு. பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, எழுபது வயது மனைவியே எண்பது வயதுக் கணவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருக்கும். அத்தகைய வீட்டில் செவிலியரின் வருகையே பெரிய மருந்து.

கடும் வலிக்கு முதன்மையான மருந்து மார்ஃபின். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் அது கிடைப்பது அரிதாயிற்று. 2014இல் வந்த திருத்தம் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதை வாங்கிவைக்கும் நடைமுறையை எளிதாக்கியது. சாதாரண மார்ஃபின் மாத்திரையை வலி வந்தபின் தேடாமல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தர வேண்டும். மலச்சிக்கல் வரும் என்பதால் பேதி மருந்தும் உடன் வேண்டும். மருத்துவர் மேற்பார்வையில் வலிக்காகக் கொடுக்கப்படும்போது அடிமையாகும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் அந்த அச்சத்தால் குடும்பத்தாரே மாத்திரையை ஒளித்துவைப்பதுண்டு.

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது வழக்கம். துர்நாற்றம் வீசும் புற்றுப்புண்ணில் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் நாற்றம் அடங்கும். உறவினர் மறுபடி அருகில் உட்கார முடியும். இறுதி நாட்களில் பசி தானாகக் குறையும். அப்போது சோற்றைத் திணித்தால் புரையேறும், உதட்டை நனைத்தால் போதும்.

நோயைப் பற்றி ‘அவரிடம் சொல்லிவிடாதீர்கள்’ என்று கேட்டுக்கொள்ளும் குடும்பங்களே மிகுதி. நோயாளி எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அவரிடமே பதமாகக் கேட்டறிவது செவிலியரின் பயிற்சியில் ஒரு பகுதி. இறப்புக்குப் பிறகும் நல்ல குழு அவ்வீட்டுக்குப் போகும்: பராமரித்தவரின் உறக்கத்தையும் உடல்நலத்தையும் விசாரிக்கும், மிச்சமுள்ள மார்ஃபினைத் திரும்பப் பெறும், தேவைப்பட்டால் விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வழிகாட்டும்.