முல்லா வீதியும் காஜியார் வீதியும்: ஆசிரியர் என்னும் அமானிதம்

அஸர் தொழுகைக்குப் பின் புதுச்சேரியின் முஸ்லிம் பகுதியில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காண்பர். தொப்பியும் முக்காடும் அணிந்த பிள்ளைகள் குர்ஆனை நெஞ்சோடு அணைத்தபடி மக்தபுக்கு விரைந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் நடக்கும் வீதிகளில் ஒன்றின் பெயர் முல்லா வீதி, மற்றொன்றின் பெயர் காஜியார் வீதி. முல்லா கற்றுக்கொடுப்பவர். காஜியார் தீர்ப்பளிப்பவர். இவ்விரு பெயர்களும் ஒரே பகுதியில் அமைந்திருப்பது நமக்கு ஒரு கேள்வியை எழுப்புகிறது. கற்றுக்கொடுப்பவரே பிள்ளைக்குத் தீங்கிழைத்தால், அந்த வழக்கு யாரிடம் செல்ல வேண்டும்?

இக்கேள்வி நமக்குத் தொலைவில் இல்லை. 2025 பிப்ரவரியில் புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்தில் தனியார் பள்ளி ஆசிரியர் ஒருவர், மாணவி ஒருவரிடம் அத்துமீறியதாக எழுந்த குற்றச்சாட்டில் போக்சோ சட்டத்தின்கீழ் கைதானார். சினமுற்ற மக்கள் பள்ளியைச் சூறையாடினர். கடலூர் சாலையில் மறியலும் நடந்தது. அச்சினத்தின் நியாயம் நமக்குப் புரிகிறது. ஆயினும் இத்தகைய வேளைகளில் நம் சமூகங்கள் இரண்டே வழிகளை அறிந்திருப்பதுபோல் தோன்றுகிறது: ஒன்று, ஊருக்குத் தெரியாமல் மூடிவிடுவது, மற்றொன்று, கையில் கிடைத்ததை அடித்து நொறுக்குவது. மூன்றாவது வழியொன்று உண்டு. அது முறையான விசாரணை. அவ்வழிக்கு நம் மார்க்கத்திலும் வரலாறு உண்டு, நாம் வாழும் இம்மண்ணிலும் வரலாறு உண்டு.

முஹ்தசிபின் கண்காணிப்பு

ஆசிரியரைக் கேள்வி கேட்பது மேலைநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று நம்மில் சிலர் எண்ணுகின்றனர். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலேயே, கைரவான் நகரின் மாலிகீ அறிஞர் முஹம்மது இப்னு ஸஹ்னூன் (மறைவு கி.பி. 870) ஆசிரியர்களின் ஒழுக்கத்திற்கென்றே ஒரு நூல் எழுதினார். கோபத்தில் பிள்ளையை அடிக்கக் கூடாது, தம் சொந்த வேலைகளுக்குப் பிள்ளைகளை ஏவக் கூடாது, எல்லை மீறிக் காயப்படுத்தினால் ஆசிரியரே பொறுப்பேற்க வேண்டும் என்பன அந்நூல் பேசும் செய்திகள். ஆசிரியருக்கு ஊதியமும் மரியாதையும் உரியன என்பதை ஏற்றுக்கொண்ட அதே அறிஞர்தாம் அவருக்குரிய எல்லையையும் வரைந்தார்.

பின்னர், கடைவீதியின் எடைக்கற்களைச் சோதிக்கும் முஹ்தசிப் என்னும் அதிகாரிக்காக எழுதப்பட்ட ஹிஸ்பா நூல்களில், பிள்ளைகளுக்குக் கற்பிப்போர் குறித்துத் தனி அத்தியாயமே இடம்பெற்றது. கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷாம் பகுதியைச் சேர்ந்த அல்-ஷைஸரீயும், பின்னர் எகிப்தின் இப்னுல் உகூவாவும் இவ்வகை நூல்களை எழுதினர். கற்பிக்கும் இடம் வீதியோரத்திலும் கடைத்தெரு முனையிலும், மக்கள் பார்வையில் இருக்க வேண்டும் என்று இந்நூல்கள் கூறுகின்றன. பிள்ளைகளை வீட்டிலிருந்து அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவிடும் ஆள் நம்பகமானவராகவும் மணமானவராகவும் இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கின்றன. ஆளரவமற்ற இடங்களில் அவர் பிள்ளைகளுடன் தனித்திருக்க நேரிடும் என்று காரணமும் சொல்லப்பட்டுள்ளது.

இன்று பள்ளி வேன் ஓட்டுநரைப் பற்றி நாம் பேசுவதை அவர்கள் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பேசியிருக்கின்றனர். அறிமுகமும் பக்தித் தோற்றமும் பிள்ளையின் பாதுகாப்புக்குப் போதிய உத்தரவாதம் என்று அவர்கள் கருதவில்லை.

புதுவை மண்ணின் சட்டம்

இனி நம் ஊருக்கு வருவோம். 1819 ஜனவரி 6ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட ஆணையின் வழியே பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் இந்தியாவிலிருந்த பிரெஞ்சுப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்தன. இந்துக்கள், கிறிஸ்தவர்கள், 'மூர்கள்' என்று அன்று அழைக்கப்பட்ட முஸ்லிம்கள் ஆகியோர் தத்தம் வழக்காறுகளின்படியே தீர்ப்புப் பெறுவர் என்ற உறுதியும் அவ்வாணையில் இருந்தது. நிக்காஹ், வாரிசுரிமை போன்றவற்றில் நம் முன்னோர் தம் மார்க்க நெறிப்படி நடக்க அது வழிவிட்டது. குற்றவியல் தண்டனைகளோ எல்லோருக்கும் பொதுவான தண்டனைச் சட்டத்தின்கீழ் வந்தன.

அந்தத் தண்டனைச் சட்டம் 1810இல் பிரான்சில் இயற்றப்பட்டது. அதன் 333ஆம் பிரிவு நம் கவனத்திற்குரியது. பாலியல் வன்முறைக் குற்றம் புரிந்தவர், பாதிக்கப்பட்டவர்மீது அதிகாரம் உடையவராகவோ, அவருக்குக் கற்பிப்பவராகவோ, அரசு ஊழியராகவோ, சமயக் குருவாகவோ இருந்தால், தண்டனை ஆயுட்காலக் கடும் உழைப்பாக உயரும் என்று அது விதித்தது. பிறர் செய்தால் ஒரு தண்டனை. நம்பி ஒப்படைக்கப்பட்டவர் செய்தால் அதனினும் பெரிய தண்டனை.

1954 நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. 1963 அக்டோபர் 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கு நடைமுறைக்கு வந்தது. 1860இல் எழுதப்பட்ட அச்சட்டத்தில், குற்றவாளி ஆசிரியராக இருப்பதனாலேயே தண்டனையைக் கூட்டும் பிரிவு இல்லை. விடுதலையை மகிழ்ந்து வரவேற்ற இம்மண்ணில், பிள்ளைகளுக்கு இருந்த இந்த ஒரு காவல் மட்டும் ஓசையின்றி அகன்றது.

அது திரும்பி வர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தின் 5, 9 ஆகிய பிரிவுகள், கல்வி நிறுவனத்திலோ சமய நிறுவனத்திலோ நிர்வாகியாகவும் ஊழியராகவும் இருப்போர் அங்குள்ள பிள்ளையிடம் புரியும் பாலியல் குற்றத்தைக் கடுங்குற்றமாக வகைப்படுத்தின. ஆசிரியரையும் சமயக் குருவையும் அருகருகே வைத்த பழைய பிரெஞ்சுப் பிரிவு நம் நினைவுக்கு வருகிறது.

இங்கே நம் மக்தபுகளை நடத்துவோர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. 2012இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் பொருந்தாது. இதனைக் கேள்வியுற்ற சிலர், மதரஸா எந்தச் சட்டத்திற்கும் உட்படாத இடம் என்று எண்ணிவிடுகின்றனர். போக்சோ சட்டத்தில் அப்படியொரு விலக்கு எவருக்கும் இல்லை.

இரண்டு விசாரணைகள்

ஓர் ஆசிரியர்மீது புகார் எழுந்தால் இரண்டு பாதைகள் திறக்கின்றன. முதலாவது குற்ற வழக்கு. அது காவல் நிலையத்தில் தொடங்கிச் சிறப்பு நீதிமன்றத்தில் முடிகிறது. அங்கே ஐயத்திற்கு இடமின்றிக் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். இரண்டாவது துறை விசாரணை. அரசுப் பள்ளி ஆசிரியர் எனில் பணியிடை நீக்கம், குற்றக் குறிப்பாணை, அவரது விளக்கம், விசாரணை அதிகாரியின் அறிக்கை, தண்டனை என்று அது செல்கிறது. அங்கே, நடந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று சான்றுகள் காட்டினால் போதும். இதனால்தான் நீதிமன்றத்தில் விடுதலையான ஒருவருக்கு வகுப்பறை தானாகத் திரும்பக் கிடைத்துவிடுவதில்லை. சிறைக்கு அனுப்புவதா என்பது ஒரு கேள்வி, பிள்ளைகளை மீண்டும் ஒப்படைக்கலாமா என்பது வேறொரு கேள்வி.

துறை விசாரணையில் பிள்ளையைக் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்துவதே இன்னொரு காயமாகிவிடும் அல்லவா? இந்தச் சிக்கல் 1996இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. நவோதயா வித்யாலயா ஒன்றில் மாணவியிடம் முறைகேடாக நடந்துகொண்டதற்காக ஓர் ஆசிரியர் முழு விசாரணையின்றி நீக்கப்பட்டிருந்தார். மாணவியை அந்தச் சங்கடத்திலிருந்து காப்பதற்காக வழக்கமான விசாரணையைத் தவிர்த்தது சரியே என்று நீதிமன்றம் ஏற்றது. ஆசிரியரின் உரிமையையும் பிள்ளையின் மானத்தையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்த்த தீர்ப்பு அது.

இன்னொரு தீர்ப்பு நம் ஜமாஅத்துகளுக்காகவே எழுதப்பட்டதுபோல் உள்ளது. ராஜஸ்தானில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர்மீது மாணவியின் தந்தை புகார் அளித்தார். பின்னர், சமரசம் ஆகிவிட்டது என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தார். உயர் நீதிமன்றமும் அதை ஏற்று வழக்கை நீக்கியது. 2024 நவம்பர் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. இத்தகைய குற்றம் இரு வீட்டாருக்கு இடையிலான தனிப்பட்ட தகராறு ஆகாது, பெரியவர்கள் கைகுலுக்கி அதைத் தீர்த்துவிட முடியாது என்பது அதன் சாரம்.

போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளவர் தமக்குக் கீழுள்ளவரின் குற்றத்தைத் தெரிவிக்கத் தவறினால் ஓராண்டு வரை சிறை. முத்தவல்லியும் தாளாளரும் இவ்வரையறைக்குள் வருவர். நல்லெண்ணத்துடன் தகவல் தருபவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுக்கும் பெரியவருக்குத் தண்டனையும் உண்டு. ஆகவே குற்றமற்ற ஆசிரியர் இம்முறையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

மானம் என்னும் பெயரால்

மறைப்பதற்கு மார்க்கத்தையே துணைக்கு அழைப்போர் உண்டு. நான்கு சாட்சிகள் எங்கே என்று அவர்கள் கேட்பார்கள். அந்நூர் அத்தியாயத்தின் நான்காம் வசனம், கற்புள்ள பெண்கள்மீது அவதூறு கூறுவோரைத் தண்டிக்க அருளப்பட்டது. பலவீனரின் மானத்தைக் காக்க வந்த வசனத்தைக் காட்டி ஒரு குழந்தையின் வாயை அடைப்பது எவ்வகை நீதி? பிறர் குறையை மறைப்பது நன்மை அல்லவா என்றும் கேட்பார்கள். ஒருவன் தனிமையில் செய்து வருந்தும் பிழையை மறைப்பது வேறு. அடுத்த பிள்ளையும் இரையாகும் என்று அறிந்தே மறைப்பது வேறு.

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். ஒரு வீட்டின் பாதுகாப்பில் வளர்ந்த இளைஞர் அவர். அதிகாரம் உடையவரே எல்லை மீறினார். பழியோ அந்த இளைஞர்மீது சுமத்தப்பட்டது. அங்கே நான்கு சாட்சிகள் இல்லை. சட்டை எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று பாருங்கள் என ஒருவர் சொன்னார். ஒரு தடயம் உண்மையைக் காட்டியது. அதன்பின் வீட்டுத் தலைவர் என்ன செய்தார்? இதை விட்டுவிடும்படி யூசுஃபிடமே கேட்டுக்கொண்டார். சான்றுகளை எல்லாம் கண்ட பின்னரும் அவர்கள் குற்றமற்றவரையே சிறையில் அடைத்தனர். பெரிய வீட்டின் மானம் காக்கப்பட்டது. அதன் விலையைச் செலுத்தியவர் யூசுஃப்.

ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வரும்போது, ஹஜ்ரத்தைப் பற்றி அப்படிப் பேசாதே, ஸாரைப் பற்றி அப்படிச் சொல்லாதே என்று நாம் அதட்டுகிறோமே, அப்போது நாமும் அந்த வீட்டார் செய்ததையே செய்கிறோம்.

நம் கையில் உள்ளவை

மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோன்ற பதிவேடு நம் நாட்டில் ஆசிரியருக்கு இல்லை. ஓர் ஊரில் நீக்கப்பட்டவர் அடுத்த ஊரில் வேலைக்குச் சேர்வது எளிது. ஆகவே 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், பிள்ளைகளோடு பழகும் நிறுவனங்கள் தம் ஊழியர் அனைவரையும் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் காவல்துறைச் சரிபார்ப்புக்கும் பின்னணிச் சோதனைக்கும் உட்படுத்த வேண்டும் என்கின்றன. நம் மக்தபுக்கு உஸ்தாதை நியமிக்கும் முன், அவர் முன்பு பணியாற்றிய ஊரின் ஜமாஅத்தைத் தொடர்புகொண்டு கேட்போம். அந்த ஊர்க்காரர்களும் உண்மையை மறைக்காமல் சொல்லட்டும். தனிப்பாடம் நடக்கும் அறையின் கதவு திறந்திருக்கட்டும். பிள்ளை சொன்னால் முதலில் கேட்போம். ஊரைக் கூட்டி அதனிடம் திரும்பத் திரும்ப விசாரிக்காமல், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல்துறைக்கோ தெரிவிப்போம். பிள்ளையின் பெயரும் அடையாளமும் தெருப்பேச்சில் சிக்காமல் காப்போம். குற்றஞ்சாட்டப்பட்டவர்மீதும் அவர் குடும்பத்தார்மீதும் கை வைக்காமல் விசாரணைக்கு வழிவிடுவோம்.

நமக்கோ பெற்றோருக்கோ எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. பெற்றோருக்கே விலக்கில்லாத இடத்தில் ஆசிரியருக்கு எப்படி விலக்கு இருக்க முடியும்? தம் கடமையைத் தூய்மையாகச் செய்யும் ஆயிரமாயிரம் ஆசிரியர்களின் மரியாதையைக் காப்பதற்கும் இதுவே வழி.

நாளை அஸருக்குப் பின்னும் பிள்ளைகள் முல்லா வீதி வழியே மக்தபுக்குச் செல்வார்கள். அவர்கள் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் குறித்து நாம் ஒவ்வொருவரும் கேட்கப்படுவோம். அந்நாளில் பதில் சொல்லும் வலிமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.