பொறி எழும் வேளை

ஒரு செயல் சிறப்பது அதன் வலிமையால் மட்டுமன்று. அது நிகழும் வேளையாலும் சிறக்கிறது. உழவர் விதைக்கும் பருவமும் கடலோடிகள் பாய் விரிக்கும் பொழுதும் இவ்வுண்மையைப் பன்னெடுங் காலமாய் உணர்த்தி வந்துள்ளன. இருபதாம் நூற்றாண்டில் அதனையே இரும்பின் வாயிலாக உணர்த்தியது பெட்ரோல் இயந்திரம். எரிபொருள் தூயதாக இருக்கலாம், உறுப்புகள் பழுதற்றிருக்கலாம், எனினும் மின்பொறி எழும் வேளை சற்றே பிறழுமானால் அவ்வியந்திரம் தன் சுமையை இழுக்க மாட்டாது. அவ்வேளையைக் குறித்து அமைக்கும் வேலையைப் பட்டறைகளில் 'டைமிங் வைத்தல்' என்றனர். பழைய லோரிகளில் அவ்வேலை மனிதரின் கையையும் காதையும் நம்பியே நடைபெற்றது.

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறிக் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை அழுத்துகிறது. பொறி பட்டதும் அக்கலவை ஒரே கணத்தில் எரிந்து முடிவதில்லை. தீ பரவுவதற்குச் சிறிது நேரம் வேண்டும். இயந்திரம் நிமிடத்திற்கு 2000 சுற்றுகள் சுழலும்போது, ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கிராங்குத் தண்டு 12 பாகை திரும்பிவிடுகிறது. ஆதலின் பிஸ்டன் உச்சியை அடைவதற்கு முன்பே பொறி எழுதல் வேண்டும். மிக முந்தினால் மேலேறும் பிஸ்டனைத் தீ எதிர்த்துத் தாக்கும். பிந்தினாலோ ஆற்றல் குன்றும், எரிபொருள் வீணாகும், இயந்திரம் சூடேறும். வேகம் கூடக் கூடப் பொறியும் முந்த வேண்டியிருப்பதால், ஒரு வேகத்திற்குப் பொருந்திய வேளை மற்றொரு வேகத்திற்குப் பொருந்துவதில்லை.

தொடக்க காலத்தில் வேளையை மாற்றியமைக்கும் வாய்ப்பே அரிதாயிருந்தது. 1876இல் ஜெர்மனியின் நிக்கோலஸ் ஓட்டோ உருவாக்கிய நான்கடி இயந்திரம், சிறு சுடரொன்றின் துணையால் கலவையை எரித்தது. அதன்பின் காட்லீப் டைம்லர், பழுக்கக் காய்ந்த குழாயொன்றைக் கையாண்டார். 1896இல் அவர் நிறுவனம் செய்து அளித்த வண்டியே இயந்திர லோரிகளின் முன்னோடியெனப் போற்றப்படுகிறது. 1902இல் ராபர்ட் போஷ் நிறுவனத்தின் பொறியாளர் காட்லோப் ஹோனோல்ட் உயர் அழுத்த மக்னிட்டோவை ஆக்கி அளித்தார். மின்பொறி பெருகியபின், அதன் வேளையை முன்னும் பின்னும் நகர்த்துதல் எளிதாயிற்று. நகர்த்தும் பொறுப்பு ஓட்டுநரின் கைக்கு வந்தது.

அப்பொறுப்பின் பளுவை அமெரிக்காவின் போர்டு வண்டிகளில் காணலாம். 1908 முதல் 1927 வரை வெளிவந்த 'டி' வகைக் காரிலும், 1917இல் அதனை ஒட்டிப் பிறந்த 'டிடி' லோரியிலும், சுக்கானின் வலப்புறத்தில் எரிபொருளுக்கு ஒரு நெம்புகோலும் இடப்புறத்தில் பொறிக்கு ஒரு நெம்புகோலும் இருந்தன. வண்டியைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்புமுன் பொறி நெம்புகோலை மேலே தள்ளி வேளையைப் பிந்தச் செய்தல் வேண்டும். மறந்தவர்க்கு இயந்திரம் மன்னிப்பு வழங்கவில்லை. முந்தி எழுந்த பொறி கைப்பிடியைப் பின்னோக்கி வீசியடித்தது, மணிக்கட்டு முறிந்தது. மருத்துவ நூல்கள் அவ்வகை எலும்பு முறிவுக்கு 'ஓட்டுநர் முறிவு' என்றே பெயர் சூட்டின. அக்காலத்தில் வண்டி கிளப்புவோர் எதிர்கொண்ட துன்பத்திற்கு அப்பெயரே சான்று.

1912ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகளில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்கிளப்பி, கைப்பிடியின் ஆபத்தைப் போக்கும் வழியைக் காட்டியது. நெம்புகோலின் வேலையைப் பின்னர் டிஸ்டிரிபியூட்டர் ஏற்றுக்கொண்டது. அதனுள் இருந்த சிறு எடைகள், வேகம் கூடும்போது வெளிப்புறமாய் விரிந்து பொறியை முந்தச் செய்தன. இயந்திரம் உறிஞ்சும் காற்றின் வெற்றிட விசையைக் கொண்டு, பாரம் குறைந்த வேளையில் பொறியை மேலும் முந்தச் செய்யும் அமைப்பும் 1930களில் பரவியது. எனினும் தொடக்க நிலையை மனிதரே அமைத்துத் தர வேண்டியிருந்தது.

1937 முதல் செவர்லே கார்களிலும் லோரிகளிலும் இடம்பெற்ற ஆறு சிலிண்டர் இயந்திரம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதன் பிளைவீலில் ஓர் எஃகுக் குண்டு பதிக்கப்பட்டிருந்தது. பிளைவீல் உறையின் சிறு துளை வழியே நோக்கினால் குண்டும் அதனருகே ஒரு முள்ளும் தெரியும். முதற் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றித் துளையில் பெருவிரலை வைத்துக்கொண்டு இயந்திரத்தை மெல்லத் திருப்புவர். காற்று விரலைத் தள்ளினால் அது அழுத்தும் அடியென்பது தெளிவு. குண்டு முள்ளுக்கு நேரே வந்ததும் நிறுத்துவர். அந்நிலையில் டிஸ்டிரிபியூட்டரின் சுழலி முதற் சிலிண்டரின் முனையை நோக்கியிருக்க, பாயிண்டுகள் அப்போதுதான் விலகத் தொடங்க வேண்டும். அவ்வாறு இல்லையெனில் பிடிப்பைத் தளர்த்தி, டிஸ்டிரிபியூட்டரின் உடலையே சற்றுத் திருப்பிச் சரிசெய்வர். இயந்திரம் ஓடும்போது நியான் விளக்கால் சோதிப்பதும் உண்டு. ஒவ்வொரு பொறிக்கும் ஒரு முறை விளக்கு மின்ன, விரைந்து சுழலும் குண்டு அசையாது நிற்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும்.

ஆயினும் கண் கண்டது முடிவன்று. விற்பனைக்கு வந்த பெட்ரோலின் தரம் ஊருக்கு ஊர் வேறுபட்டது. அதனை ஈடுசெய்யவே டிஸ்டிரிபியூட்டரின் அடியில் பாகைக் கோடுகள் இட்ட ஒரு சீரமைப்பான் வைக்கப்பட்டது. வண்டியை மேல் கியரில் மெதுவாகச் செலுத்தி, திடீரென முழுதும் முடுக்கிக் கேட்க வேண்டும். உலோகத்தைச் சிறு சுத்தியால் தட்டுவது போன்ற மெல்லொலி எழுந்து, வேகம் கூடியதும் மறைந்தால் வேளை சரி. ஒலி நீடித்தால் பொறி முந்துகிறது. ஒலியே இல்லையெனில் பிந்தியிருக்கக்கூடும். நிறைபாரத்துடன் மேடேறும் லோரியில் இவ்வொலியைப் புறக்கணித்தால் பிஸ்டன் துளைபட்டுப் போகவும் நேரும். ஆதலின் ஓட்டுநரின் காதே இறுதித் தீர்ப்பை வழங்கியது.

அவ்வொலியை அடக்க வேறொரு வழியும் கண்டறியப்பட்டது. பொறியைப் பிந்தச் செய்தால் ஒலி அடங்கும். ஆனால் ஆற்றல் குறையும். ஆற்றலை இழக்க மனமில்லாத தொழில்துறை எரிபொருளையே மாற்ற முற்பட்டது. 1921 டிசம்பரில், கெட்டரிங்கின் கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு கலந்தாலே பெட்ரோலின் தட்டொலி அடங்குவதைக் கண்டார். 1923இல் அது 'எத்தில்' என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. அப்பெயரில் ஈயம் என்ற சொல்லுக்கு இடமில்லை. மறு ஆண்டே நியூ ஜெர்சியில் அச்சேர்மத்தைத் தயாரித்த ஆலையொன்றில் ஐந்து தொழிலாளர்கள், சித்தம் கலங்கி உயிர் துறந்தனர். 1925இல் மருத்துவ அறிஞர் ஆலிஸ் ஹாமில்டன் அதனைக் கடுமையாக எதிர்த்தார். எனினும் மறு ஆண்டு விற்பனை மீண்டும் தொடங்கிற்று. சாலைகளின் காற்றிலும் குழந்தைகளின் குருதியிலும் ஈயம் கலந்தது. அமெரிக்கச் சாலைகளில் 1996இலும், இறுதியாக அல்ஜீரியாவில் 2021இலும் அந்தப் பெட்ரோல் முடிவுக்கு வந்தது. இயந்திரத்தின் தட்டொலியைக் கேட்டுத் திருத்தும் பணியைச் சற்றே எளிதாக்கிய அப்பொருளுக்கு மாந்தர் ஏறத்தாழ நூறாண்டுகள் விலை கொடுத்தனர்.

இதற்கிடையே பெரும்பாலான லோரிகள் பொறியே வேண்டாத டீசலுக்கு மாறின. பெட்ரோல் வண்டிகளில் 1970களின் இறுதி முதல் மின்னணுக் கருவிகள் வேளையைக் கணிக்கலாயின. 1978ஆம் ஆண்டு பியூக் வண்டியில், தட்டொலியை உணர்ந்து பொறியைத் தானே பிந்தச் செய்யும் உணரி இடம்பெற்றது. ஓட்டுநரின் காது இயந்திரத்திற்கே வாய்த்துவிட்டது எனலாம்.

இவ்வரலாறு கற்பிப்பது ஒன்றுண்டு. தட்டொலி ஒரு குறையன்று. குறையை அறிவிக்கும் குரல். அக்குரலுக்குச் செவிசாய்த்து வேளையைத் திருத்தியோர் இயந்திரத்தைக் காத்தனர். அக்குரலை அடக்க மட்டும் முயன்றோர் தம் வசதியின் விலையைப் பிறர் செலுத்துமாறு விட்டனர். கைப்பிடியும் எஃகுக் குண்டும் மறைந்தன. செவிசாய்க்கும் கடமை மட்டும் மறையவில்லை.