அவர்கள் ஏன் அந்தப் படத்தை விட்டுக்கொடுக்கவில்லை?



யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு ஆண்டுதோறும் நடக்கிறதோ, அந்த அண்ணனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கூட்டத்தில் எல்லோரும் பேசி முடித்த பிறகு, பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் பெண்களைக் கூப்பிட்டு, "நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று கேட்பார். அவர்கள் சொல்வது பல நேரங்களில் தீர்மானத்தையே மாற்றிவிடும். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் இன்று ஒரு ஹாலிவுட் படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அம்பேத்கரிய மேடையில் ஸ்பீல்பெர்க்குக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் 'தி கலர் பர்ப்பிள்'. 1985 டிசம்பரில் வெளிவந்தது. ஆலிஸ் வாக்கர் 1982இல் எழுதிய நாவல் அதன் மூலம். ஜார்ஜியா மாநிலத்தில் குத்தகைக்கு உழுத பெற்றோரின் கடைசிக் குழந்தை வாக்கர். நாவலுக்கு 1983இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. புனைகதைக்கான அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். கதையின் நாயகி சீலி. அப்பா என்று அவள் நம்பியவனாலேயே சிறுவயதில் இரண்டு முறை கர்ப்பமாக்கப்படுகிறாள். பெற்ற பிள்ளைகள் பறிக்கப்படுகிறார்கள். பிறகு 'மிஸ்டர்' என்று மட்டுமே அவள் அழைக்கும் ஒருவனுக்கு மாடு கன்று கொடுப்பதுபோல் கட்டிக்கொடுக்கப்படுகிறாள். அடியும் வேலையும்தான் வாழ்க்கை. அவளுடைய தங்கை நெட்டி எழுதும் கடிதங்களைக்கூட ஆண்டுக்கணக்கில் அவன் ஒளித்துவைக்கிறான். ஷக் ஏவரி என்ற பாடகியின் அன்பு அவளைத் தலைநிமிர வைக்கிறது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னிலையிலும் வாய் திறக்கிறாள்.

இந்தப் படத்தை யார் வெறுத்தார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். வெள்ளை இனவாதிகள் வெறுத்திருந்தால் பேச ஒன்றுமில்லை. எதிர்த்தவர்களில் பெரும்பகுதி கறுப்பின இயக்கத்தவர், எழுத்தாளர், பத்திரிகையாளர். லாஸ் ஏஞ்சல்ஸில் திரையரங்கு வாசலில் மறியல் நடந்தது. குடியுரிமைப் போராட்டத்தின் தாய் அமைப்பான என்ஏஏசிபியின் ஹாலிவுட் கிளை கண்டித்தது. இஷ்மேல் ரீட் போன்ற நாவலாசிரியர்கள் கடுமையாக எழுதினார்கள். டோனி பிரவுன் என்ற புகழ்பெற்ற தொலைக்காட்சியாளர், கறுப்பின ஆண்களை இழிவுபடுத்திய படங்களின் வரிசையில் இதை வைத்தார். அவர் அப்போது படத்தைப் பார்த்திருக்கவே இல்லை. (நம்மூரிலும் புத்தகத்தைப் படிக்காமல் கண்டனத் தீர்மானம் எழுதுகிறவர்கள் உண்டு என்பதால் இது எனக்கு ஆச்சரியம் தரவில்லை.)

இந்தக் கோபத்தை வெறும் ஆண் திமிர் என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். அதற்குப் பின்னால் ரத்தம் தோய்ந்த வரலாறு இருக்கிறது. 1915இல் டி.டபிள்யூ. கிரிஃபித் எடுத்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பெண்ணைத் துரத்தும் காமவெறியனாகக் கறுப்பின ஆணைக் காட்டி, அவனை அடக்க வந்த வீரர்களாகக் கூ க்ளக்ஸ் க்ளானைக் கொண்டாடிய படம் அது. ஏற்கெனவே அழிந்துபோயிருந்த க்ளான் அதே ஆண்டில் மறுபடி உயிர்பெற்றது. 'பாலியல் குற்றவாளி' என்ற அந்தப் பிம்பம் மரத்தில் தொங்கவிடுவதற்கான சாக்காகப் பயன்பட்டது. 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையன் கொல்லப்பட்டதற்கும் அதே சாக்குதான். இதைச் சுமந்துகொண்டு வாழும் ஒரு சமூகத்தில், மனைவியை அடிக்கும், மகளை வன்புணரும் கறுப்பின ஆணைத் திரையில் காட்டும்போது பயம் வரத்தான் செய்யும். அதுவும் ஒரு வெள்ளை இயக்குநரின் கேமரா வழியாக. அதுவும் ரீகன் ஆட்சிக் காலத்தில். கறுப்பின மக்களின் வறுமைக்கு அவர்களுடைய குடும்ப அமைப்பே காரணம் என்று 1965இல் மொய்னிஹன் அறிக்கை சொன்னது அப்போதும் காற்றில் இருந்தது.

கலை சார்ந்த குறைகளும் நியாயமானவை. வயல்கள் நாட்காட்டிப் படம்போல் பளபளக்கின்றன. ஹார்ப்போ கூரையிலிருந்து விழுந்துகொண்டே இருப்பது பழைய கோமாளி வேடத்தின் மிச்சம். நாவலில் சீலிக்கும் ஷக்குக்கும் இடையே முழுமையான காதல் இருக்கிறது. படத்தில் அது ஒரு முத்தத்தோடு நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் தான் தயங்கிவிட்டதாக ஸ்பீல்பெர்க்கே பின்னாளில் ஒப்புக்கொண்டார். நாவலில் சீலியின் உண்மையான அப்பாவை வெள்ளைக் கும்பல் கொல்வதற்குக் காரணம் அவருடைய கடை நன்றாக ஓடியதுதான். முன்னேறும் தலித்தின் வீடு ஏன் எரிகிறது என்று அறிந்த நமக்கு அந்தப் பக்கம் நெஞ்சில் குத்தும். திரையில் அதற்குரிய கனம் இல்லை. வாக்கருக்கே முதல்முறை பார்த்தபோது படம் பிடிக்கவில்லை. தான் எழுதி, பயன்படுத்தப்படாமல் போன திரைக்கதையை 1996இல் ஒரு புத்தகத்தில் வெளியிட்டார்.

இவ்வளவும் உண்மை. ஆனாலும் கறுப்பினப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். சுமார் 1.5 கோடி டாலரில் எடுத்த படம் அமெரிக்காவில் மட்டும் 9 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ஏமாந்துபோனார்களா?

ஏமாந்துபோனார்கள் என்றுதான் நானும் ஒரு காலத்தில் சொன்னேன். 2000களின் தொடக்கத்தில் சமூகவியல் முதுகலை படித்தபோது, எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்தப் படத்தின் சிடியைப் போட்டார்கள். பார்த்து முடித்ததும் தோழர்கள் வரிசையாகக் கிழித்தார்கள். வட்டத்தில் நாங்கள் மூன்றே பெண்கள். நான் எல்லோரையும்விட உரத்த குரலில் கிழித்தேன். 'பண்பாட்டுத் தொழிற்சாலை' என்ற சொல்லை அன்று நான்கு முறையாவது பயன்படுத்தியிருப்பேன். விடுதிக்குத் திரும்பி, விளக்கை அணைத்த பிறகு அழுதேன் என்பதை இந்த மேடையில்தான் முதல்முறை சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் ஒரு சாப்பாட்டுத் தட்டு சுவரில் மோதி விழும் சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். அதை விவாதத்தில் சொன்னால் அப்பாவை, அவர் வழியாகத் தெருவையே காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று நினைத்தேன்.

பின்னால்தான் ஜாக்குலின் போபோ என்ற கறுப்பின ஆய்வாளர் எழுதியதைப் படித்தேன். 1988இல் ஒரு கட்டுரை, 1995இல் ஒரு நூல். அவர் செய்தது எளிமையான காரியம்: படத்தைப் பார்த்த கறுப்பினப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசச் சொன்னார். எடுத்தவன் நினைத்த அர்த்தத்தையே பார்ப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை என்று ஸ்டூவர்ட் ஹால் சொன்ன கோட்பாடு அவருக்கு உதவியது. அந்தப் பெண்களுக்கு ஹாலிவுட்டின் யோக்கியதை நன்றாகவே தெரிந்திருந்தது. தங்களைப் பற்றி அது எடுக்கும் படத்தில் என்ன இருக்கும் என்று பிறந்ததிலிருந்து பழகியவர்கள். நாம் அரிசியில் கல் பொறுக்குவதுபோல அவர்கள் கல்லைப் பொறுக்கிப்போட்டுவிட்டு அரிசியை எடுத்துக்கொண்டார்கள். மெல்ல மெல்ல நிமிரும் சீலியை எடுத்துக்கொண்டார்கள். மேயரின் மனைவிக்கு வேலைக்காரியாக வர முடியாது என்று மறுத்து, அறைந்த மேயரைத் திருப்பி அடித்து, அதற்காகச் சிறையில் சிதைக்கப்படும் சோஃபியாவை எடுத்துக்கொண்டார்கள். வெள்ளை ஆதிக்கம் படத்தில் இல்லை என்று சொன்ன விமர்சகர்கள் சோஃபியாவின் வீங்கிய கண்ணை எப்படித் தவறவிட்டார்கள் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் ஹாட்டி மெக்டேனியல். 1940 விழாவில், வெள்ளை எஜமானி வீட்டு ஆயாவாக நடித்ததற்காக. அந்த விழாவிலேயே அவரைச் சக நடிகர்களிடமிருந்து விலக்கித் தனி மேசையில் உட்காரவைத்தார்கள். அடுத்ததாக ஒரு கறுப்பினப் பெண் நடிப்புக்கான ஆஸ்கர் வாங்கியது 1991 விழாவில். சீலியாக நடித்த வூப்பி கோல்ட்பெர்க், வேறொரு படத்துக்காக. நடுவில் 51 ஆண்டுகள். எஜமானியின் சமையலறையில் மட்டுமே தங்களைப் பார்த்த பெண்கள், தங்கள் சொந்தச் சமையலறையை, அதில் நடப்பதை, பெரிய திரையில் பார்த்தார்கள். 'தி கலர் பர்ப்பிள்' 11 ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றது. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு 7 விருதுகளை அள்ளியது 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா', கென்யாவில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைச் சீமாட்டியின் கதை. முன்பு படத்தைக் கண்டித்த அதே என்ஏஏசிபி கிளை, விருது கொடுக்காததற்காக இப்போது அகாதமியைக் கண்டித்தது. இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அது இயல்பாகத்தான் படுகிறது. வீட்டுக்குள் திட்டிய பிள்ளையை வெளியில் ஒருவன் கைநீட்டினால் எந்தத் தாயும் அப்படித்தான் செய்வாள்.

கறுப்பினப் போராட்டத்தோடு நம் உறவு பழையது. அண்ணல் 1946இலேயே டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மராட்டிய இளைஞர்கள் பிளாக் பேந்தர்களின் பெயரைத் தழுவித் தலித் பேந்தர் என்று தங்களுக்குப் பெயரிட்டார்கள். பெயரையும் கோபத்தையும் வாங்கிக்கொண்ட நாம், அவர்கள் வீட்டுக்குள் நடந்த இந்தச் சண்டையை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. அது நம் வீட்டிலேயே விளைந்தது.

சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989இல் வந்தது. சாதி இந்துக்களால் அடித்துச் சிதைக்கப்பட்ட தங்கம், நியாயம் கேட்டுக் காத்தமுத்துவின் வீட்டு வாசலுக்கு வருகிறாள். அவர் தலித் தலைவர். அவளுக்காக வாதாடவும் செய்கிறார். பிறகு அவளையே மூன்றாம் மனைவியாக்கிக்கொள்கிறார். மகள் கௌரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வந்த விமர்சனம் உங்களுக்கு நினைவிருக்கும்: தலித் தலைமையை இழிவுபடுத்திவிட்டார், எதிரிக்கு ஆயுதம் கொடுத்துவிட்டார். 1985இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வாசலில் எழுந்த அதே குற்றச்சாட்டுதான் இது. சிவகாமி பின்வாங்கவில்லை, பின்னர் 'ஆசிரியர் குறிப்பு' எழுதித் தன் நாவலைத் தானே விசாரணைக்கு உட்படுத்தினார். இந்தத் துணிச்சலுக்கு ஈடான சுயவிமர்சனத்தை நம் ஆண் எழுத்தாளர்களிடம் நான் இன்னும் பார்க்கவில்லை. 1992இல் 'கருக்கு' வந்தபோது சில மாதங்கள் சொந்த ஊருக்குள்ளேயே போக முடியாத நிலை பாமாவுக்கு. தலித் பெண்கள் வேறுவிதமாகப் பேசுகிறார்கள் என்று கோபால் குரு 1995இல் எழுதினார். அதற்கு முன்பே அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். கேட்பதற்குத்தான் ஒரு கட்டுரை தேவைப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன், விவசாயக் கூலிப் பெண்களுக்கான ஒரு முகாமில் இந்தப் படத்தைப் போட்டேன். பள்ளிக்கூட அறை, வெள்ளை வேட்டிதான் திரை. நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு காட்சியையும் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு கட்டத்துக்குப் பிறகு, "நீ சும்மா இரு பாப்பா, எங்களுக்குப் புரியுது" என்றார்கள். சாப்பாட்டு மேசைக் காட்சி முடிந்ததும், "அத இன்னொரு வாட்டி போடு" என்று நான்கைந்து குரல்கள். போட்டேன்.

முடிந்த பிறகு, அண்ணனின் பழக்கப்படி, என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். வயதில் மூத்த ஆயா ஒருவர் சொன்னார்: "அடிச்சதுகூட இருக்கட்டும். கூடப்பொறந்தவ போட்ட கடுதாசிய ஒளிச்சு வச்சான் பாரு, அதுக்குதான் அவன் நாசமாப் போனான்." நாவலைப் பற்றிய எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளைப் படித்த எனக்கு அது உறைத்தது. ஒரு பெண்ணை ஆள்வதற்கு முதலில் அவளுக்கு உற்றவளைத் துண்டிக்க வேண்டும் என்பதை அந்த ஆயா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

பிறகு ஓர் இளம் பெண், கைக்குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டே, எந்தத் தோழரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தக் கேள்வியைக் கேட்டாள்: "நம்ம தெருவப் பத்தி இப்படிப் படம் எடுத்தா ஊர்த்தெருக்காரன் பார்த்துச் சிரிக்க மாட்டானாக்கா?"

நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். ஆயா முந்திக்கொண்டார்: "சிரிச்சா சிரிக்கட்டுமே. அவன் வூட்டுல வேல செஞ்சவ நானு. அங்க நடக்கறத நான் சொன்னா அவன் சிரிப்பானா?" அறை முழுக்கச் சிரிப்பு. கரண்ட் போவதற்குள் மேசைக் காட்சியை மூன்றாவது முறையாகப் போடச் சொன்னார்கள்.